நிறைய எழுதி முன்னுக்கு வந்த கதை

மனு எழுதிப் பிழைப்பவனுக்குக் கை ஓடினால்தான் சோறு. நாங்குநேரி தாலுகா கச்சேரி வாசலில் பெட்டியும் மைக்கூடுமாக உட்கார்ந்திருந்த காலத்தில், நிறைய எழுதினால் நிச்சயம் முன்னுக்கு வந்துவிடலாம் என்று நம்பினேன். பேனாவைப் பிடித்துக் கெட்ட சகோதரர்களே, நீங்களும் அப்படித்தானே நம்பினீர்கள்?

நீளத்துக்கு மவுசு

களக்காட்டிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பக்கத்து வயல்காரன் மடையை அடைத்துவிட்டான். திறந்துவிடச் சொல்ல வேண்டும். சங்கதி அவ்வளவுதான். அரைப் பக்கத்தில் முடித்து நீட்டினேன். இவ்வளவுதானா என்று மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி உட்கார்ந்து, மடை வெட்டிய பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பித்து ஏழெட்டுப் பக்கம் நீட்டிவிட்டேன். மடை திறந்தது. அது முதல் என்னிடம் ஒரே கூட்டம். அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்: "படிக்கதுக்குப் பயந்தே தாசில்தாரு கையெழுத்துப் போட்டுட்டாருல்லா!"

வண்ணான் குறி

அப்போது ஜில்லா முழுக்கப் போலீஸ் கெடுபிடி. ஒருநாள் விடிந்து பார்த்தால், தேரடிச் சுவரில் வெள்ளைக்காரனை வைது கையால் எழுதின நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. அடியில் பேர் இல்லை. "இந்த ஊரில் ரொம்ப எழுதுகிறவன் யார்?" என்று இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறாராம். யாரைக் கேட்டாலும் என் பேரைத்தானே சொல்லுவார்கள்! பிடித்துக்கொண்டு போனால் எனக்கு ஜெயில், பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தெரு.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி எனக்கு முன்பே சேதி கேட்டு, பஞ்சாங்கம் முதல் மளிகைச் சீட்டு வரை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் வேட்டியை எடுத்து, துணி மாறிப்போகாமலிருக்க வண்ணான் மையால் குறி போட்ட மூலையை அரிவாள்மணையில் அறுக்க ஆரம்பித்தாள். என்ன காரியம் இது என்றேன். அவள் அறுப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "இதுவும் எழுத்துதான? வந்து என்னன்னு கேட்டாம்னா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

பழக்கதோஷம்

மறுநாள் கான்ஸ்டபிள் வந்து அழைத்துப் போனான். இன்ஸ்பெக்டர் அந்த நோட்டீஸை வாசிக்க வாசிக்க என்னை எழுதச் சொன்னார். கையெழுத்தை ஒத்துப் பார்க்கத்தான். எப்படியோ எழுதி முடித்தேன். முடித்த பிறகு என் கை பாட்டுக்கு அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டது. எந்த மனுவானாலும் எழுதியவன் பேர் அடியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். 'இதை எழுதியவன்' என்று என் பேர், தகப்பனார் பேர், ஊர் எல்லாம் அந்த ராஜத் துரோகத்தின் கீழே மை காயாமல் கிடந்தன. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கி அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். "பேரு போடாம எழுத உமக்கு வராதுவே. அத ஒட்டுனவன் நீரு இல்ல" என்றார். போன உயிர் திரும்பியது. கும்பிட்டுவிட்டு வாசற்படியை எட்டுவதற்குள் மறுபடி அவர் குரல். "எங்க போறீரு? இங்கன எழுத ஆளில்ல. நாளையில இருந்து வந்து உக்காரும்!"

நிறைய எழுதினால் முன்னுக்கு வரலாம் என்பது மெய்தான், சகோதரர்களே. கச்சேரிக்கு வெளியே கிடந்தவன் போலீஸ் ஸ்டேஷனுக்கு உள்ளேயே வந்துவிட்டேன், பூட்ஸ் சத்தம் கேட்டால் எழுத்துத்தான் இன்னும் கோணிக்கொண்டு போகிறது.