மடிப்பு அக்காவின் கெடு

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த படுக்கை விரிப்பைப் பிரிக்கவே மனசு வராது. இப்போது வீட்டுத் துணியை மட்டும் மடிக்கிறாள், அதுவும் இடது கையால்.

தேய்ப்பு இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் சூட்டுத் தகடு இறங்கும். கை நடுவில் சிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை ஓடவில்லை என்று முதலாளி ஒரு பொத்தானை அமுக்கித் துணியால் கட்டிவைத்தார். ஒருநாள் வலது கை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்க, இடது கை பழக்கதோஷத்தில் மற்ற பொத்தானை அழுத்திவிட்டது.

அதற்குப் பிறகு முதலாளி மாதம் தவறாமல் ஆப்பிளும் கையுமாக வந்தார்.

"கேஸு, கோர்ட்டுன்னு போனா நமக்குள்ள மனக்கசப்புதான் தங்கச்சி. கை ஆறட்டும், பேசி முடிச்சுக்கலாம்" என்பார்.

இவளும் அந்த ஆப்பிளை அக்கம்பக்கத்தில் பங்கு வைத்து, எங்க முதலாளி போல வருமா என்று பெருமை பேசினாள். வெள்ளை மனசு, வேறென்ன சொல்ல?

இன்று மத்தியானம் ஓரகத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை அவளுக்கு.

"ஏண்டி, பொத்தானைக் கட்டிவைக்கிற மாதிரி குத்தத்துக்கு ஒரு வருஷம்தான் கெடுவாம். அதுக்குள்ள புகார் குடுக்கலைன்னா, அப்புறம் எடுத்துக்கவே மாட்டாங்களாம். வக்கீல்கிட்டயே கேட்டுட்டேன். உனக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சிடி, கிளம்பு."

மடிப்பு அக்கா கட்டியிருந்த புடவையோடு கிளம்பினாள். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஓரகத்தி மடியில் தாளை வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முதலாளிதான்.

"நாளைக்குக் காலையில வந்துரும்மா. உக்காந்து பாக்குற மாதிரி ஒரு வேலை வச்சிருக்கேன்."

ஒரு கணம் அவள் மனசு தடுமாறத்தான் செய்தது. வேலை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

"இன்னைக்கே வரட்டுமாண்ணே?"

"இன்னைக்கு வேணாம்மா. நாளைக்கு வா."

இத்தனை மாதத்தில் அவர் நாள் குறித்துச் சொன்னது இதுவே முதல் தடவை. தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டு நாளை ஓட்டியிருக்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

கோர்ட்டின் புகார்ப் பிரிவில் எழுத்தர் ஜன்னல் கதவைச் சாத்தப் போனார். ஓரகத்தி கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள். முகத்தைச் சுளித்தபடி அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடுங்க."

"பேனா பிடிக்க வராதுங்க."

"அப்போ வலது பெருவிரல் ரேகை வைங்க."

முந்தானைக்கு வெளியே பெருவிரலை மட்டும் நீட்டி, மையில் தோய்த்து வைத்தாள். தாளில் ஒரு கரும்பொட்டுதான் விழுந்தது.

"ரேகையே விழலையேம்மா. இப்படி இருந்தா மேல இருக்கறவங்க திருப்பி அனுப்பிருவாங்க. நல்லா அழுத்துங்க."

அழுத்தினாள். மறுபடியும் வெறும் பொட்டு. திருப்பி அனுப்பினால் நாளை வர வேண்டும். நாளை வந்து என்ன பயன்? வேறு வழி தெரியாமல், முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கும் அந்தக் கையை ஜன்னல் வழியாக நீட்டி அவர் முன்னால் விரித்தாள். உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒரு கோடு இல்லை.

எழுத்தர் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு அவளுடைய இடது பெருவிரலை வாங்கிப் பக்கத்தில் பதித்தார். வலது ரேகை சூட்டில் அழிந்திருக்கிறது என்று கீழே எழுதி, அன்றைய தேதி முத்திரையைக் குத்தினார்.

"அந்தப் பொட்டும் இருக்கட்டும்மா" என்றார்.

வாசலுக்கு வருவதற்குள் போன் மறுபடியும் அடித்தது.

"எங்கம்மா இருக்க?" முதலாளி குரலில் அவசரம் தெரிந்தது.

"கொஞ்சம் வேலையா இருக்கேண்ணே" என்றாள் மடிப்பு அக்கா. "எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம்."