நாற்பத்தெட்டு கிலோ

என் தங்கை எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவள் நான். அப்பா அதில் மூன்று கிலோ குறைத்தார், அவ்வளவுதான். பிற்பாடு வீட்டில் யார் தலையில் பழியைப் போடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். என் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை. அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பா கிணத்துக்கடவில் கொப்பரைக் களம் வைத்திருந்தார். தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து, பருப்பை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிவிடும் தொழில். வீடு களத்தை ஒட்டியே இருந்தது. எனக்குக் கல்யாணமாகி, காந்திபுரத்துக்குப் பக்கத்தில் குடித்தனம். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். தங்கைக்கு அப்போது இருபது வயது. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

தை மாதம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. தோப்பும் ரைஸ் மில்லும் உள்ள குடும்பம். வந்தார்கள், பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், சிரித்த முகமாகப் போனார்கள். மூன்றாம் நாள் தரகர் வந்து, உள்ளே வராமல் களத்து வாசலிலேயே நின்று சொன்னார்.

"பொண்ணு புடிச்சிருக்குதுங்க. கொஞ்சம் ஒடம்பா இருக்குதேன்னு பையனோட அம்மா யோசிக்கறாங்க. ஆவணி வரைக்கும் போகட்டுங்க. அதுக்குள்ள சித்த எளைச்சா வந்து பூ வெச்சு நிச்சயம் பண்ணிப்போடலாமுங்கறாங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை. இத்தனை மரியாதையோடு சொன்னதால் அப்பாவுக்கு அது ஒரு நிபந்தனையாகவே படவில்லை. செய்து கொடுக்க வேண்டிய வேலையாகப் பட்டது. அந்த ஞாயிறு நான் வந்ததும் என்னைக் கேட்டார்: "நீ படிச்சவ, சொல்லு கண்ணு. இவ உசரத்துக்கு எத்தனை கிலோ இருக்கோணும்?"

கேட்டது ஒரு கணக்கு டீச்சரிடம். சும்மா இருப்பேனா? ஏதோ ஒரு பெண்கள் பத்திரிகையில் படித்த சூத்திரம் கைவசம் இருந்தது. சென்டிமீட்டரில் உயரம், அதில் நூறைக் கழி, பெண் என்றால் மேலும் பத்தில் ஒரு பங்கைக் கழி. தங்கையைச் சுவரோடு நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். நூற்றைம்பத்தேழு. விடை ஐம்பத்தொன்று என்று அடித்துச் சொன்னேன்.

கொப்பரை நிறுக்கிற பிளாட்பாரத் தராசில் ஏறி நின்றாள். அறுபத்து மூன்று காட்டியது.

அம்மா மட்டும் முணுமுணுத்தாள். "அவளுக்கு எலும்பே அப்படி. அவுங்கப்பா ஊட்டு வாகு. அக்கா வளையல் இவ மணிக்கட்டுல ஏறியிருக்குதா என்னைக்காச்சும்?" உண்மைதான். என் வளையல் இரண்டே கால் அளவு. அவளுக்கு இரண்டே முக்கால் வாங்க வேண்டும். தோளும் அப்பாவைப் போல அகலம். ஆனால் சூத்திரத்தில் எலும்புக்கு இடமில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல், "எலும்பு, தோலுன்னு சாக்குச் சொல்லாதீங்கம்மா" என்றேன். வாய்க்கொழுப்பு.

அப்பா வேறொரு கணக்கில் இருந்தார். கொப்பரையில் ஈரம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று மில்லில் ஒரு வரம்பு உண்டு. எங்கள் களத்திலிருந்து போகும் பருப்பை அப்பா அந்த வரம்போடு விடமாட்டார். இன்னும் இரண்டு வெயில் கூடவே காயப்போடுவார். எடை குறைந்தாலும் பரவாயில்லை, லோடு திரும்பி வரக்கூடாது. ஒரு தடவை திரும்பி வந்த லோடு என்றால் அப்புறம் எந்த மில்லிலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். களம் வைத்திருக்கிற எல்லோருக்கும் உள்ள பயம் இது.

"அம்பத்தொண்ணுன்னா நாப்பத்தெட்டு வெச்சுக்கலாம் கண்ணு" என்றார். "சரியா வெச்சா வர்ற ஒறம்பரைக்காரங்க கண்ணுக்கு அதிகமாத்தான் தெரியும். சித்த சேர்த்துக் கொறைச்சுட்டா வந்தவங்க மறுக்க வழியில்லை."

எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. தங்கை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு அந்த வரன் பிடித்திருந்தது. அதைவிட, தன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு வந்துவிட்டதே என்ற குமைச்சல் பெரிதாக இருந்தது.

முதல் இரண்டு மாதம் நேர்மையாகத்தான் போனது. இரவில் களி அரை உருண்டை, கொள்ளு ரசம், காலையில் களத்தைச் சுற்றிப் பத்து நடை. ஞாயிறுதோறும் ஆட்கள் வராத நேரத்தில் தராசு. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபது. அங்கே நின்றுவிட்டது. சித்திரை போய் வைகாசியும் முடிந்தது. என்ன செய்தாலும் முள் அறுபதைவிட்டு நகரவில்லை. அவள் அழகாக இருந்தாள் அப்போது. முகம் தெளிந்து, நடையில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது. அந்த அறுபதிலேயே விட்டிருக்கலாம். நானோ, "மனசு வெச்சாத்தான் எறங்கும்" என்று ஏசிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆனியில் காற்று கிளம்பியது. களத்தில் போட்ட தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும் காலம். அவளுக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்து ஓய்ந்தது. அதற்கடுத்த ஞாயிறு தராசில் ஏறினாள். ஐம்பத்தேழு.

அப்பா சிரித்தார். நான் கைதட்டினேன். ஆம், கைதட்டினேன்.

அதற்குப் பிறகு முள் நிற்கவே இல்லை. ஐம்பத்தைந்து, ஐம்பத்து மூன்று. பட்டினி கூடக் கிடக்கவில்லை அவள். பசிக்கிறது என்று முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டாள். சாப்பிட்டும் இளைத்தாள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொம்பு சொம்பாகக் குடிப்பாள், பாத்ரூம் போவாள், வந்து மறுபடி குடிப்பாள். தண்ணீர் நிறையக் குடித்தால் உடம்பு குறையும் என்று அதே பத்திரிகையில் போட்டிருந்ததால் அதற்கும் நான் சபாஷ் சொன்னேன்.

"பாத்ரூம் பூராம் எறும்பு. எத்தனை தண்ணி ஊத்துனாலும் போகமாட்டீங்குது" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் நானே காந்திபுரத்தில் எறும்பு மருந்துப் பொடி வாங்கிக்கொண்டு போனேன். அம்மா மூலை மூலையாகத் தூவினாள். சர்க்கரை வியாதி என்பது தொந்தி வைத்த பெரியவர்களுக்கு வருவது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இளைத்துக்கொண்டே போகிற ஒரு சின்னப் பெண்ணையும் எறும்பையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதம் அவளுக்கு ஜாக்கெட் துணி எடுக்கக் காந்திபுரம் கூட்டிப்போனேன். கடையில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் விளக்கெல்லாம் மின்னுகிற எடை மிஷின் ஒன்று உண்டு. காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். ஏறினாள். நாற்பத்தெட்டு. திருப்பிப் பார்த்தால், உங்கள் முயற்சி கைகூடும் காலம் இது என்று அச்சடித்திருந்தது. இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவள் மிஷினைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, ரொம்ப அசதியா இருக்குது. கண்ணும் மசமசன்னு தெரியுது. டாக்டர்கிட்டக் காட்டிப்போடலாமா?"

பக்கத்திலேயே கிளினிக் இருந்தது. நான்கு கட்டிடம் தள்ளி. நான் சொன்ன பதில் எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"இப்பப் போனா டானிக் எழுதி மறுபடி ஏத்தி உட்ருவாங்க. பூ வெச்சு முடியட்டும், போலாம்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எப்போதும் அவள் அப்படித்தான். அந்தக் குணத்தை நாங்கள் எல்லோரும் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

நாற்பத்தெட்டு வந்துவிட்டது. வந்த பிறகு என்ன செய்வது என்று யாருமே யோசித்து வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு நாற்பத்தாறு. அம்மா வாய்விட்டே கேட்டாள்: "ஏனுங்க, போதுமுங்க. இன்னும் எறங்குதே." அப்பா, "கெடக்கட்டும். கல்யாணம் முடிஞ்சா தானா ஏறிக்கும்" என்றார். அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் தராசுப் பக்கமே அவர் வரவில்லை.

ஆவணியில் உடுமலைப்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். தங்கைக்குப் பட்டுப்புடவையை இடுப்பில் நிற்கவைக்க நானும் அம்மாவும் ஊக்கு ஊக்காகக் குத்தினோம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பவுடர் போட்டுச் சரிசெய்தேன். பையனின் அம்மா அவள் தாடையைத் தொட்டு, "இப்பத்தான் அம்மணி லட்சணமா இருக்கறே" என்றார். அப்பா முகத்தில் வெளிச்சம். பூ வைத்தார்கள். சாப்பிட்டுக் கிளம்பினார்கள். தங்கை அத்தனை நேரமும் நேராக உட்கார்ந்திருந்தாள். மாடி ஏறி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைக் கூச்சம் என்று நினைத்தோம்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும், சித்த படுக்கிறேன் என்று புடவையோடு போய்ப் படுத்தாள். மூன்று மணிக்குக் காபி கொண்டுபோய் எழுப்பினேன். எழவில்லை. குனிந்து கூப்பிட்டபோது அவள் மூச்சில் அழுகின வாழைப்பழ வாடை அடித்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் பாதி திறந்து, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அம்மா வந்து பார்த்துக் கத்தினாள். லோடு ஏற்ற வந்திருந்த வேனில் சாக்குகளை இறக்கிப்போட்டு, அவளைப் படுக்கவைத்துக் கோயமுத்தூருக்கு விரட்டினோம். வழியெல்லாம் அப்பா அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான் கண்ணுக்குள் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் பேசி முடிப்பதற்குள்ளேயே டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. சின்ன வயதிலேயே வருகிற வகை, உடம்பில் இன்சுலினே சுரக்காது, எங்களுடைய களியோ கொள்ளோ இதற்குக் காரணமில்லை என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா கொஞ்சம் நிமிர்ந்தார். அடுத்த கேள்வி வந்தது.

"மாசக்கணக்கா இப்படி எளைச்சிருக்கா. ஏன் கூட்டிட்டு வரலை?"

"நாங்க எளைக்கத்தான் சொல்லியிருந்தோமுங்க" என்றார் அப்பா.

நான் சூத்திரத்தைச் சொன்னேன். டாக்டரம்மா படுக்கையில் கிடந்தவளின் மணிக்கட்டைத் தன் விரல்களால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். அகலமான அந்த எலும்பைச் சுற்றிக் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளவில்லை.

"ஒரே உயரத்துல நாலு பேரை நிறுத்துனா நாலு எடை இருக்கும்மா. இந்தக் கட்டுக்கு ஐம்பத்தெட்டு, அறுபதுதான் சரி. நல்லா சாப்பிட்டு, நல்லா நடந்து, அதுக்குக் கீழ எறங்காம அறுபதுல நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அதுதான் அவ எடை. அதுக்குக் கீழ அவ எளைக்கலை. கரைஞ்சுட்டிருந்தா."

இன்னும் அரை நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்பதையும் சொன்னார். அப்பா வராண்டாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் அவர் பக்கத்தில் போகவில்லை. என்னைப் பார்த்தால் அவருக்குத் தாம் குறைத்த மூன்று கிலோ நினைவு வரும். அவரைப் பார்த்தால் மீதிக் கிலோக்கள் எனக்கு.

மூன்றாம் நாள் கண் விழித்தாள். உடுமலையிலிருந்து பிறகு தகவலே இல்லை. தரகரும் எங்கள் தெருவை மறந்துவிட்டார். தினம் காலையும் மாலையும் ஊசி. உயிருள்ளவரை போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆபத்து என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அவளிடம் நான்தான் பக்குவமாகச் சொல்வதாக ஏற்றுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

பத்தாம் நாள் நர்ஸ் அவளை மெதுவாக நடத்திக்கொண்டுபோய் எடை பார்த்தார். வந்தபோது நாற்பத்திரண்டாக இருந்தவள் நாற்பத்தாறுக்கு ஏறியிருந்தாள். "பரவாயில்லையே, நல்லா ஏறுதே" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, என்னை அருகே கூப்பிட்டு, வராண்டாவில் நின்ற அப்பாவின் காதில் விழாதபடி கேட்டாள்.

"அக்கா, இந்த ஊசி போட்டதுல இருந்துதான ஏறுது? இன்னும் ரெண்டு கிலோதான் இருக்குது. நாப்பத்தெட்டு வந்ததும் ஊசிய நிறுத்திப்போடலாமல்லோ?"

அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி நிற்காது, அறுபது வர வேண்டும், நாற்பத்தெட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது, அது நான் தப்பாகப் போட்ட கணக்கு என்று அழுதுகொண்டே சொன்னேன்.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். சரி என்று தலையாட்டினாள். தராசில் ஏறச் சொன்னபோது எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஆட்டினாளே, அதே தலையாட்டல். அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் முதல் ஒவ்வொரு ஊசிக்கும் நான் பக்கத்தில் நின்று, அது உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.