குத்தினதைச் சொல்லாதே என்றவன் நான்தான்

டீசல் புகையும் ஃபினாயிலும் கலந்த ஒரு வாடை... இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுவேன்.

தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரியெல்லாம் வேரோடு சாய்ந்ததே, அதற்கு அடுத்த கோடை. கரண்ட் போய்ப் போய் வந்த வருஷம். நெய்வேலியில் கரண்ட் செய்கிறார்கள், பக்கத்திலேயே எங்கள் ஊர் வடக்குத்தில் நாங்கள் விசிறிக்கொண்டு கிடந்தோம். அதனால் நான் கூட்டிப் பெருக்கின அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் ஜெனரேட்டர் ஓடும். பேர் வேண்டாம். இப்போது அந்த ஆஸ்பத்திரியே இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். ஆனால் அந்த நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது.

குப்பை அள்ள நாங்கள் நாலு பேர். நான், கோவிந்தன், முனியம்மா, அப்புறம் புதுசாகச் சேர்ந்த அஞ்சலை. முந்திரித் தோப்பு போனதால் வேலைக்கு வந்தவள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும்.

காலை பத்து மணி. வார்டு குப்பைப் பை நிறைந்து, வாய் கட்ட வரவில்லை. அஞ்சலை கையால் அமுக்கினாள். பஞ்சுக்கு நடுவில் யாரோ போட்டிருந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது.

"ஐயோ பெரியப்பா, குத்திக்கிச்சு! சிஸ்டராண்ட சொல்லட்டா?"

"கத்தாத. தெரிஞ்சா நாளைக்கு வேலைக்கு வராதன்னுடுவாங்க. ஊசிதான புள்ள? கடப்பாறையா குத்திச்சு?"

ரத்தத்தைப் பிதுக்கிவிட்டு, மடியில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து நானே தடவினேன். அவளும் சிரித்துவிட்டாள்.

அது எங்கள் பழக்கம். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் மண் வேலை, லோடு வேலை என்று எத்தனையோ காண்ட்ராக்டரிடம் இருந்தவன் நான். கையில் காலில் பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு, "வூட்டுல அருவா பட்டுச்சுங்க" என்போம். அடிபட்டதைச் சொன்னவனுக்கு வேலை போய்விடும் என்று ஒரு பேச்சு. அப்படி யாருக்காவது போனதா? கண்ணால் பார்த்ததில்லை... ஆனாலும் நம்பினோம்.

ரெண்டு மணிக்கு அஞ்சலை வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கு, நாலாம் நம்பர் கட்டில்காரருக்கு ஊசி போட்டுவிட்டு மூடி போடும்போது சின்ன நர்ஸ் பெண்ணுக்கு விரலில் குத்திவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான். அதற்கு அந்தப் பெண் அழுத அழுகை! பெரிய சிஸ்டர் ஓடி வந்தார், குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்தார், டாக்டர் வந்தார், ரத்தம் எடுத்தார்கள், மருந்து வாங்கக் கடலூருக்கு ஆளை விரட்டினார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"அந்தக் கட்டில்காரருக்கு பி வைரஸ் காமாலை, தாத்தா. ரத்தத்துல இருக்கு. ஈரலையே தின்னுடும். குத்தினா ஒரு நாளைக்குள்ள மருந்து போடணும். உங்க ஆளுங்க யாரையும் குத்தலையே?"

"இல்லீங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன்... வாய் பழகிப் போயிருந்தது. காலையில் அஞ்சலை அமுக்கின பை, அந்தக் கட்டிலுக்குக் கீழே இருந்த பை.

பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். என் ஜென்மத்தில் அப்படி மிதித்ததில்லை. அஞ்சலை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதே கையால்.

"கெளம்பு ஆஸ்பத்திரிக்கு. மருந்து போடணும்."

அவள் புருஷன் கட்டிலில் படுத்தபடியே கேட்டான். "ஊசி குத்துனதுக்கு ஆஸ்பத்திரியா? அப்ப தெனம் முள்ளு குத்திக்கினு கெடக்கிற நானு மெட்ராஸுக்கே போவணும்."

அஞ்சலை என்னையே பார்த்தாள். "நீதான பெரியப்பா சொல்லாதன்ன? இப்ப சொன்னா வேல போவாதா?"

"என் வேல போவட்டும். நீ ஏறு."

கேரியரில் உட்கார வைத்து அழைத்து வந்து, நான் சொன்னது பொய் என்று சிஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் அவளுக்கும் மருந்து ஏறிவிட்டது.

சிஸ்டர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மறுநாள் காலையில் எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, "இதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம் குத்தியிருக்கு?" என்றார்.

முதலில் முனியம்மா கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். கோவிந்தன் சிரித்துக்கொண்டே ரெண்டு கையையும் தூக்கினான்.

"எத்தனை தடவை?"

"எண்ணிக்கினா இருந்தோம் சிஸ்டர்?"

அந்தம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒரே பக்கெட்டில் கை கழுவினவர்கள், ஒரே இலையில் போண்டா தின்றவர்கள்... ஒருத்தருக்குக் குத்தினது இன்னொருத்தருக்குத் தெரியாது!

எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் முனியம்மாவுக்கும் ஒன்றுமில்லை. கோவிந்தன் ரத்தத்தில் இருந்தது. எந்த ஊசி, எந்த நாள் என்று அவனுக்கே தெரியாது. நாலைந்து வருஷம் கழித்து வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு ரெண்டு கையையும் தூக்கிச் சிரித்தவன்.

அஞ்சலைக்கு ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். ஆறு மாசம் கழித்து ரத்தம் பார்த்த அன்றைக்குக் காலையிலிருந்து நான் தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஒன்றுமில்லை என்றார் சிஸ்டர். அப்புறம்தான் போய்த் தண்ணி குடித்தேன்.

போன மாசம் பிரஷர் பார்க்க வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குக் கட்டில் குத்தி முடித்த ஊசியைப் போடத் தனி டப்பா, கூட்டுகிறவர்கள் கையில் தடித்த கிளவுஸ். நான் உட்கார்ந்திருக்கும்போதே கூட்டுகிற பெண் ஒருத்தி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "சிஸ்டர், எனக்கு ஊசி குத்திடுச்சு!" என்று கத்தினாள். வெட்கமில்லை, பயமில்லை. இவ்வளவுதானா... இப்படி ஒரு சத்தம் போட எங்கள் நாலு பேருக்கும் வாய் வரவில்லையே!

முனியம்மாவும் போன வருஷம் சர்க்கரையில் போய்விட்டாள். பெரிய சிஸ்டரும் சொந்த ஊரில் தவறிவிட்டதாகக் கேள்வி. என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மிச்சம் ஒரே ஒருத்தி. போன வாரம்கூட ரேஷன் கடையில், எல்லார் முன்னாலும், "இன்னா பெரியப்பா, இன்னும் நீ சாவலையா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அஞ்சலை.