அப்பா முதுகில் ஒட்டிய குங்குமம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. உட்காரும்போதெல்லாம், சாமி காரியத்தில் வாயைக் கொடுக்கிறோமோ என்று ஒரு பயம் வந்து எழுந்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிப் பழக்கமும் கிடையாது. ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் போனில் வைத்திருக்கும் குழுவில் சமீபத்தில் ஒரு செய்தி வந்தது. தென்காசி உலகம்மன் தன் ஐந்து விரலையும் எங்கள் அப்பா முதுகில் பதித்து, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்த அற்புதம் என்று தொடங்கி, பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று முடிந்திருந்தது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை. ஏனென்றால் அது என் கை.

எனக்கு அப்போது ஏழு வயது. வீடு குத்துக்கல்வலசையில். அப்பாவுக்கு ஒரு தங்கை, ஒரு தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அத்தை, சொந்தத்தில் பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லி, மலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "இனி அவ வாயில இருந்து அண்ணேங்கிற சொல்லு வரப்படாது" என்று அப்பா அன்றைக்குச் சொன்னாராம். அத்தை அதை அப்படியே கேட்டு நடந்தாள். கேட்காமல் இருந்திருந்தால் அப்பாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா தங்கை போட வேண்டியது. சித்தப்பாவுக்குக் கூடப் பிறந்தவள் அத்தை ஒருத்திதான். ஒன்றுவிட்ட அக்கா யாரையாவது வைத்து முடித்துவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அப்பா மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அதற்கு முந்தின ஆடிச் சாரலில் ஒரு நாள் கிளம்பியபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார், என்னைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போகிறார் என்பதுதான்.

முதலில் தென்காசி கோயிலுக்குப் போனோம். அம்மன் சன்னதியில் கொடுத்த குங்குமத்தை, வீட்டில் இருந்த அம்மைக்கு என்று இரட்டிப்பாகக் கேட்டு வாங்கினேன். அந்தக் கோயில் கோபுர வாசல் காற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாரல் காலத்தில் ஆளையே தள்ளும். குங்குமத்தை மடிக்கக் காகிதம் தேடினால் காகிதமே பறந்துவிடும். அதனால் உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டேன். வெளியே வந்த பிறகும் திறக்கவில்லை. வண்டியில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கை அம்மைக்கு.

அப்பாவின் வெள்ளைச் சட்டை பற்றியும் சொல்ல வேண்டும். உரக்கடையில் வேலை பார்த்தாலும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. சாம்பார் தெறித்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் அலசிவிட்டு வருவார்.

குற்றாலத்தில் தண்ணீர் கூடிவிட்டது என்று அருவிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்பா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப ஒண்ணு செய்வோம். மேல போயி ரோட்டைப் பாத்துட்டு வருவோமா?" என்றார்.

ரோட்டைப் பார்க்க யாராவது போவார்களா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வண்டியில் போவது என்றால் எங்கே போனால் என்ன.

செங்கோட்டை தாண்டி, புளியரை வயல்களுக்கு நடுவே போனோம். நாற்று நட்ட வயலில் காற்று கோடு போட்டுக்கொண்டு ஓடியது. மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. அப்பா ரொம்ப மெதுவாக ஓட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். "அண்ணாச்சி, வண்டி ஓடுதா, தள்ளிக்கிட்டுப் போறீயளா?" என்று கேட்டுவிட்டும் போனார். அப்பா சிரிக்கவில்லை.

மலைப்பாதை வளைவில் ஏறும்போது சாரல் பிடித்தது. ஒரு வளைவில் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து, காது அடைக்க ஹாரன் அடித்தது. நான் பயந்துபோய் மூடியிருந்த கையாலும் அப்பா முதுகைப் பிடித்துவிட்டேன். லாரி போன பிறகு பார்த்தால், ஈரச் சட்டையில் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. பெருவிரலை மட்டும் மடக்கி, மிச்சத்தை உள்ளங்கையில் காப்பாற்றியிருந்தேன். அடி விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது. சாரலில் மேலும் கலைந்து பரவாமல் இருக்க, மறைப்பதாக நினைத்து அங்கேயே கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது இன்னும் நன்றாக ஊறியது.

மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் ஒரு டீக்கடையில் அப்பா வண்டியை நிறுத்தினார். நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை.

"சேட்டா, சாயா எடுக்கட்டே? மோளுக்குப் பழம்பொரி?" என்றார் கடைக்காரர்.

அப்பா பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தார். உள்ளே இருந்து ஒரு பெண் டீயோடு வந்தாள். வந்தவள் நடுவழியில் நின்றுவிட்டாள். பிறகு கிளாஸை அப்பா முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அப்பா கிளாஸையே பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பழம்பொரி, நம் ஊர் வாழைப்பழ பஜ்ஜி மாதிரி, சூடாக இருந்ததால் நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

டீ முடிந்தது. இன்னொரு டீ வந்தது. அதுவும் முடிந்தது. அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, "சீனி கூடிட்டு" என்றார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். அப்பா காசை வைத்துவிட்டு எழுந்து, வண்டியைப் பார்த்து நடந்தார். அப்போதுதான் அவர் முதுகு அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே, ரத்தம். அண்ணே, முதுகெல்லாம் ரத்தம். வண்டியில இருந்து விழுந்துட்டீயளா?"

அவள் ஓடி வந்து அப்பா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அப்பா திரும்பாமல் அப்படியே நின்றார்.

"விழலட்டி" என்றார்.

"பொறவு இது என்ன?"

"அது குங்குமம். எங்க அம்மைக்குக் கோயில்ல வாங்கினது" என்று நான் கையை விரித்துக் காட்டினேன். அடி விழுந்தால் இங்கேயே விழட்டும், வேற்று ஆட்கள் முன்னால் கொஞ்சம் குறைவாக விழும் என்பது என் கணக்கு.

அவள் என் கையைப் பிடித்து, மடிப்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நெற்றியில் வைத்தாள். தாலியை வெளியே எடுத்து அதிலும் வைத்தாள். நான் கையை இழுத்தேன்.

"எங்க அம்மைக்குள்ளது அது."

"எடுத்துக்கிடட்டும், விடு. அம்மைக்கு நாளைக்கு வாங்கிக்கிடலாம்" என்றார் அப்பா. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆவணியில தம்பிக்குக் கல்யாணம். முடிச்சுப் போட ஆளு இல்ல."

"ஆளு இல்லையா?"

"இல்ல."

"சட்டையைக் கழத்துங்க, அலசித் தாரேன்."

"இருக்கட்டும்."

கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஞங்ஙள் வராம்" என்றார். வருகிறோம் என்று அர்த்தம். அவரிடம் அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது செங்கோட்டையில் ஒரே கூட்டம். எல்லோரும் அப்பா முதுகையே பார்த்தார்கள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மறுபடியும் கையால் மறைத்தேன்.

"கையை எடு" என்றார் அப்பா.

"எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

சாம்பார்ப் பொட்டுக்கு எழுந்து போகிறவர், அந்தச் சட்டையோடு பஜார் வழியாக நிமிர்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்டினார். அப்பாவுக்கு ஏதோ உடம்புக்குச் சரியில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

வீட்டில் அம்மை சட்டையைப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள்.

"உனக்கு வாங்கினேன். ஒரு டீக்கடைக்காரி எடுத்துட்டா" என்றேன்.

"பூராவுமா?"

"பூராவும்."

அம்மை இருட்ட இன்னும் நேரம் இருக்கும்போதே போய் விளக்கேற்றிவிட்டு, எனக்குக் காரச்சேவு எடுத்துத் தந்தாள். தன் குங்குமத்தை எவளோ எடுத்துக்கொண்டதற்கு எதற்குக் காரச்சேவு என்று நினைத்தபடியே தின்றேன். ஆவணியில் அந்த டீக்கடைக்காரி மணமேடையில் வந்து முடிச்சுப் போட்டபோது, இவளை யார் கூப்பிட்டது என்று அம்மையிடம் கேட்டேன். "நீதான்" என்றாள். நான் கூப்பிடவே இல்லை என்று சத்தியம் செய்தேன்.

நானும் தினமும் விளக்கேற்றுகிறவள்தான். உலகம்மன் அன்றைக்கு அங்கே இருந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குங்குமம்தான் அவளுடையது. கை என்னுடையது. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். பதிந்தது நாலு விரல்தான். ஐந்தாவதைச் சேர்க்க வேண்டாம். அது அம்மைக்கு மிச்சம் வைக்க மடங்கியிருந்தது.