நிதானத்துக்குப் போட்ட டைம்டேபிள்

எறும்பு ஏறியிருக்கிறதே என்று இன்று காலை அடுக்களை அலமாரியைத் துடைக்கப் போனேன். துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் துணியும் கையுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பருப்பு வாசம் ஏறிய அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பச்சை மையில் தலைப்பு எழுதியிருந்தேன்: 'நிதான வாழ்க்கை, தினசரி அட்டவணை'.

காலை 5.50, அவசரமில்லாமல் எழுந்திருத்தல். 6.10, பனி பார்த்தல். 6.40, காப்பி, மெதுவாக. மதியம் இரண்டு முதல் மூன்று வரை தூக்கம், இருவரும். மாலை 5.15, சும்மா இருத்தல். ஐந்தே முக்காலோடு சும்மா இருப்பதை முடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடைக்குத் தாமதமாகிவிடும். இதையெல்லாம் எழுதியவன் நான்தான். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை இது. அப்போது சேலத்தில் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். இரண்டு செல்போன், இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒருநாள் பைக்கில் சிக்னலில் நின்ற நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று ஹெல்மெட்டைத் தூக்கி ஒரு இட்லியை வாயில் போட்டேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். திரும்பி அவரைத் திட்டினேன். வாயிலிருந்த இட்லி முழுக்கத் தெறித்து ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல், பாதி மறைந்த கண்ணாடியோடு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போனேன். இப்படியே போனால் ஆள் தாங்காது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மற்றவர்களுக்கு ஞானம் எங்கெங்கோ வரும். எனக்கு இட்லியில் வந்தது.

மலைமேல், கிளியூர் போகும் வழியில் ஒரு சின்ன வீடு குத்தகைக்குக் கிடைத்தது. ஓட்டு வீடு, பின்னால் முப்பது காப்பிச் செடி, நாலு சில்வர் ஓக் மரம். வேலையை விட்டுவிட்டேன். என் மனைவி தேவகி பள்ளிக்கூட ஆசிரியை. நல்ல வேலை, பிடித்த வேலையும்கூட. அவளை மலையேற்ற நான் பட்ட பாட்டைப் பன்னிரண்டு வருட விற்பனை அனுபவத்தில் வேறு எதற்கும் பட்டதில்லை. கடைசியில் காப்பிப் பூவை எடுத்துவிட்டேன். "மார்ச்சுல ஒரு மழை பெய்யும். பெஞ்சு எட்டொம்போது நாள்ல காலைல எந்திரிச்சுப் பாத்தா மலையே வெள்ளையா இருக்கும். மல்லிப்பூ வாசம் அடிக்கும்" என்றேன். நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுதான். ஆனால் விற்பனைக்காரன் சரக்கைப் பார்த்துவிட்டா விற்கிறான்?

தேவகி ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். "அந்தப் பூவ ஒரு தடவ பாக்கறேங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றாள். திரும்பி வருகிறாளா இல்லையா என்று மார்ச் முடிவதற்குள் பள்ளிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அவள் போனால் நான் மலையில் தனியாக உட்கார்ந்து 6.10க்குப் பனி பார்க்க வேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கு நொம்பவே இருந்தது. பாருங்கள், இங்கே வந்து இந்த 'நொம்ப'வும் என்னோடு ஒட்டிக்கொண்டது.

பயந்தவன் என்ன செய்வான்? வாழ்க்கையை எளிமையாக்கினேன். டிவியை விற்றேன். கேஸ் அடுப்பை அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு விறகு அடுப்பு மூட்டினேன். மலை விறகு ஈரம் காயவே காயாது. ஊதி ஊதி எனக்குக் கண் சிவந்தது. தேவகிக்கு இருமல் வந்தது. இப்போதுகூட எங்கேயாவது ஈரவிறகுப் புகை வாசம் அடித்தால் எனக்கு ஞாபகம் வருவது எளிமை இல்லை, பாதி வெந்த பருப்புதான். நெட்டையும் துண்டித்தேன். மறுநாளே வேலியோரம் பழனியம்மா வந்து நின்றார்.

பழனியம்மா பக்கத்து வீடு. என் வயதுதான் இருக்கும். எஸ்டேட்டில் வேலை, வீட்டைச் சுற்றிச் சொந்தமாகக் கொஞ்சம் காப்பி. எனக்குத் தெரிந்து அவர் எதையும் மெதுவாகச் செய்ததில்லை. ஸ்கூட்டரை வளைவில்கூட நிதானிக்க மாட்டார். சாப்பிட்டுக்கொண்டே போனில் சீரியல் பார்ப்பார், அதையும் ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பார்.

"ஏனுங்க, அந்த வைஃபைய எடுத்துட்டீங்களாமா?" என்றார்.

"ஆமாங்க. மனசு அலையுதுங்க."

"உங்க மனசு அலைஞ்சா எங்க ஊட்டுக்கு ஏனுங்க நெட்டு வராமப் போகோணும்?" என்று கேட்டார். அதுவரை எங்கள் இணைப்பில்தான் அவர் வீட்டிலும் நெட் ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாஸ்வேர்டு கொடுத்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். தேவகி வெண்டைக்காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தாள். அந்த விறகடுப்பைப் பார்த்துவிட்டு, "நாங்க இப்பத்தானுங்க இதுகிட்ட இருந்து தப்பிச்சோம்" என்று சொல்லிவிட்டு பழனியம்மா ஸ்கூட்டரை முறுக்கினார்.

பிப்ரவரி போயிற்று. செடிகளில் இலைக்கணுவுக்குக் கணு பச்சை மொட்டு வந்து, கம்பு முனை மாதிரி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. காப்பி மொட்டின் சுபாவம் அது. மழை வரும்வரை உறங்கும். மழைத் தண்ணீர் வேருக்கு இறங்கிவிட்டால் பத்து நாளுக்குள் எல்லாம் சேர்ந்து விரியும். தினமும் வானத்தைப் பார்த்தேன். நீலமாக, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மார்ச் பிறந்ததும் தேவகி காலண்டரைத் திருப்பி ஆணியில் மாட்டினாள்.  அன்றிரவு நான் வெளியே போய் வானத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

மழை வராவிட்டால் என்ன, தண்ணீர்தானே? நானே ஊற்றிவிட்டால் போகிறது. இந்த யோசனை எனக்கு 'சும்மா இருத்தல்' நேரத்தில்தான் வந்தது.

தேவகி எப்போது தூங்குவாள் என்பது அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டு மணி அடித்ததும் அவள் பக்கத்தில் படுத்து, குறட்டை விடுவதுபோல நடித்துவிட்டு, மெல்ல எழுந்து பின்பக்கம் போனேன். டேங்க்கிலிருந்து பிடித்துச் செடிக்கு இரண்டு பக்கெட். ஒரு மதியத்துக்குப் பத்துச் செடியாக மூன்று மதியம். மூன்று மணிக்கு முன்னால் வந்து படுத்து, அவள் எழும்போது நானும் சோம்பல் முறிப்பேன். சேலத்தில் இருந்தபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை.

மூன்றாம் நாள் பழனியம்மா பார்த்துவிட்டார்.

"செடிக்கு எத்தன குடமுங்க ஊத்துனீங்க?"

"ரெண்டு பக்கெட்டுங்க."

அவர் வேலிமேல் எக்கிச் செடியின் அடியைப் பார்த்தார். "அதுக்கு ஊத்தாமயே இருந்திருக்கலாமுங்க. அரத்தண்ணி ஊத்துனா மழைன்னு நெனச்சு மொட்டு எந்திரிச்சுருமுங்க. எந்திரிச்சுட்டு, தண்ணி பத்தாம ஏமாந்துருமுங்க" என்றார்.

"அப்ப இன்னும் ரெண்டு ஊத்தட்டுங்களா?"

"உங்க டேங்க்கி காலிங்க. இங்கிருந்தே சத்தங் கேக்குது."

உள்ளே தேவகி குழாயைத் திறந்துவிட்டு, காற்று மட்டும் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாஷர் போயிருக்கும் என்றேன். இரண்டு நாள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தோம். குளிக்கவில்லை. எளிமை அதன் உச்சத்தில் இருந்தது.

பழனியம்மா சொன்னது அப்படியே நடந்தது. பத்தாம் நாள் மொட்டுகள் விரிந்தன. ஆனால் பூவாகவில்லை. இதழ் நீளாமல், பச்சையும் சிவப்புமாக, சின்னச்சின்ன நட்சத்திரங்களாகக் காம்பில் கருகி நின்றன. வாசமும் இல்லை. தேவகி ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுதானுங்களா அந்தப் பூவு?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமா. காப்பிப்பூ இப்படித்தான் அடக்கமா இருக்கும்" என்றேன்.

"வெள்ளையா இருக்கும்னீங்க."

"சில வருஷம் இப்படி."

அவள் நம்பினாள். கிளையை மெதுவாக விட்டுவிட்டு, "பரவால்லங்க, இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குது" என்றாள். எனக்காகச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கூனிக் குறுகியது மாதிரி எந்த மேலதிகாரி முன்னாலும் குறுகியதில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை கொட்டியது. ஓட்டில் சடசடவென்று இறங்கி, வாசலில் ஓடி, விறகு முழுக்க நனைத்தது. தேவகி கதவைத் திறந்துவைத்து, மண்வாசம் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து விரல் விட்டு நாள் எண்ணினேன். ஒன்பது நாளில் மலை பூத்துவிடும். அதற்குள் அவளை எங்காவது வெளியூர் கூட்டிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பூவைக் காட்டத்தான் அவளை மலைக்கே கொண்டுவந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை 5.50க்கு நான் எழுவதற்குள் வாசம் எழுப்பிவிட்டது. மல்லிகை என்று சொன்னேனே, அதைவிடக் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் பச்சை. பக்கத்தில் தேவகி இல்லை. வெளியே ஓடினேன். பழனியம்மா வீட்டுச் செடிகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட், அதற்கு மேல் சரிவு, எதிர்மலை, பனிக்குள்ளே கண் எட்டின வரைக்கும் வெள்ளை. நடுவில் எங்கள் முப்பது செடி மட்டும் கருகின நட்சத்திரத்தோடு நின்றது.

தேவகி வேலியோரம் நின்றிருந்தாள். மறுபக்கம் பழனியம்மா. அவர் என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணுஞ் சொல்லலைங்க. அவங்களாக் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட், குறட்டை, வாஷர், அடக்கமான பூ, எல்லாம். "நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்" என்றும் சொன்னேன். தேவகி பின்பக்கம் நடந்தாள். குளியலறைச் சுவருக்கு அந்தப்புறம், குப்பைமேட்டை ஒட்டி, நான் கணக்கில் சேர்க்காத ஒரு காப்பிச் செடி இருந்திருக்கிறது. முப்பத்தோராவது. கிளைக்குக் கிளை சரம் தொடுத்த மாதிரி பூத்துக்கிடந்தது. தேனீ மொய்த்தது.

"நீங்க கை வெக்காதது ஒண்ணுதான் பூத்திருக்குது" என்றாள்.

பிறகு அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். நான் குப்பைமேட்டு ஓரமாகவே உட்கார்ந்தேன். வெயில் ஏறும்வரை இருந்தோம். 6.10, 6.40 எல்லாம் எப்போது போயின என்று தெரியாது. பசித்தபோது எழுந்தோம். அவள் கேஸ் அடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். சுவரிலிருந்த அட்டவணையைக் கிழிப்பாள் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. அளவெடுத்துப் பார்த்து அலமாரியில் பருப்பு டப்பாவுக்கு அடியில் விரித்தாள். எறும்பு ஏறாதாம்.

பள்ளிக்கு அந்த வாரம் ஏதோ எழுதிப் போட்டாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. ஜூன் வந்தது. பள்ளி திறந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். முடிவு சொல்கிறேன் என்றவள் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் அவசரப்படுத்தாமல் விட்ட ஒரே காரியம் அதுதான்.

இதை எழுதும்போதே ரோட்டுக்கு அந்தப்புறம் எஸ்டேட்டில் தண்ணீர் சுழற்றியடிக்கும் சத்தம் கேட்கிறது. மறு வருடமே அங்கே பைப் போட்டுவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். மழை முறை தவறிப்போனது, யாரைக் குறைசொல்ல? நிறையத் தண்ணீர் விடுகிறார்கள், பூ ஏமாறுவதில்லை. ஆனால் அவரவர் தண்ணீர் விட்ட நாள் கணக்கில் இந்த வாரம் இந்தச் சரிவு பூக்கிறது, அடுத்த வாரம் அந்தச் சரிவு. பழனியம்மாவும் பைப் வாங்கிவிட்டார். நேற்று வேலியோரம் நின்று, "இந்தப் பக்கம் திருப்பி உடட்டுங்களா? நல்லாவே நனையுமுங்க" என்று கேட்டார்.

"வேண்டாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் தண்டனைக்காலம் முடியல" என்றாள் தேவகி.

எங்கள் முப்பத்தோரு செடி மட்டும் மழைக்காக நிற்கிறது. வரும்போது பூக்கும், தனியாக. மலை முழுக்க ஒரே காலையில் வெளுத்துக்கிடப்பது இனி இல்லை. நாங்கள் இங்கே வந்தபிறகு அது நடந்தது ஒரே ஒரு தடவைதான். எப்படி இருந்தது என்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். தேவகியைக் கேளுங்கள் என்பேன். எனக்கு அந்த வாசம் ஞாபகமிருக்கிறது, கவிழ்த்த பக்கெட் ஞாபகமிருக்கிறது. ஆனால் நான் அன்றைக்கு மலையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. போய்விடுவாளோ என்று அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.