தம்பிக்கு அழாத காது

ஓடும் போர்வெல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றும் அதன் சத்தம் எனக்குள் ஏறவில்லை. அதுதான் முதல் அறிகுறி. பிறகு தூக்கம் போனது, நாக்கில் ருசி போனது. கிணற்றடியில் நின்ற என்னை மனைவி செல்லம்மாள் இரண்டு முறை இழுத்து வந்தாள்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டு போர்வெல் வண்டிக்கு முதலாளி ஆனேன். தா.பழூரிலிருந்து பாடாலூர் வரை நான் காட்டிய இடத்தில் தண்ணீர் வரும் என்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு மனச்சோர்வு என்றால் யார் நம்புவார்? நானே நம்பவில்லை.

மாத்திரைகளுக்குக் குணம் தெரியவில்லை. பெரம்பலூர் மருத்துவர் கெட்டமைன் (அறுவை சிகிச்சைக்கு மயக்கம் தரும் மருந்து, குறைந்த அளவில் மனச்சோர்வுக்கும் தருகிறார்கள்) ஏற்றலாம் என்றார்.

“இது கதவைத் தொறந்து விடும்ங்க. உள்ள எந்தப் பக்கம் போறீங்கங்கறதுல பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு. என்ன பாட்டு வைக்கட்டும்?”

“எதை வச்சாலும் தாங்குவேன் சார். கூடப் பொறந்தவன் சாவுக்கே கலங்காத ஆளு நான்.”

புதுமனை புகுவிழாவுக்கு என் வீட்டில் வாசித்த நாதஸ்வரப் பதிவைப் பெருமையாகக் கொடுத்தேன். ஊசி ஏறிய சற்று நேரத்தில் அந்த மேளம் சாவு பேண்டாக மாறியது. தம்பி முருகேசனின் பாடைக்கு முன்னால் நடக்கிறேன். எனக்குக் கால்கள் இல்லை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேனாம். அடுத்த இரண்டு நாள் முன்பைவிட மோசம். இனி வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்றேன்.

“இந்தவாட்டி நான் பாடுறேன்,” என்றாள் செல்லம்மாள். “அன்னிக்கு, பெரிய மனுசன் வூட்டுல ஒப்பாரி என்னன்னு பொம்பளைங்க வாயை அடச்சிட்டு, டவுன்லேர்ந்து பேண்டு கொண்டாந்தீங்க. கொழுந்தனுக்கு யாருமே அழுவல.”

“உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரியாடி?”

“ஒங்களுக்கு இல்ல, செத்தவருக்கு. நீங்க சும்மா கேளுங்க.”

நர்ஸ் பதறினாள். “அம்மா, பக்கத்து ரூம்ல ஆபரேசன் பண்ணவரு இருக்காரு. எந்திரிச்சி ஓடிடுவாரு.”

“வாய்க்குள்ளயே பாடுறேன் பாப்பா.”

மருத்துவர் சம்மதித்து, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மருந்து ஏறியதும் படுக்கை மறைந்தது. உடம்பும் மறைந்தது. பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் செல்லம்மாள் இழுக்கும் குரல் மட்டும் இருந்தது. அது நீளும் வரை கீழே இறங்கினேன். அவள் மூச்சு வாங்கும்போது நின்றேன். பயம் இருந்தது, ஆனால் நான் தனியாக இல்லை. தம்பியின் பெயர் வந்த இடத்தில், மாடு கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. அது என் வாயிலிருந்து வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களே, எந்தப் பாட்டு என்று கேட்டால் என்னைப் போல வீம்பு பேசாதீர்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடவும் வேண்டாம்.

செல்லம்மாள் பாடிப் பதினோரு நாள் ஆகிறது. குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கிணற்றுப் பக்கம் இன்னும் தனியாகப் போவதில்லை. ஆனால் நெஞ்சு வலிக்கிறது, சோறு உப்புக் கரிக்கிறது, உட்கார்ந்தால் கால் மரத்துப்போவது தெரிகிறது. முருகேசன் போய் ஒன்பது மாதம் என்கிறார்கள். என் உடம்புக்கு அவன் செத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது.