தரையை நம்பாத கால்கள்

முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுகிற தொழிலில் உள்ள ஒரே சௌகரியம், எலும்பு கூடிவிட்டால் ஆசாமி திரும்பி வருவதில்லை என்பதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துக்குச் சற்று முன்னும் பின்னும் மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு டாக்டரிடம் டிரஸ்ஸராக இருந்தேன். அந்தச் சௌகரியத்தையும் இரண்டு குழந்தைகள் பறித்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் மாரடிக்கிறவர் யாராவது இதைப் படித்தால், உங்களிடமும் இப்படி இருவர் வந்திருப்பார்கள். பெயர்தான் வேறாக இருக்கும்.

நீலம் பாய்ந்த கண்

ஜெயம், மயிலாப்பூரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பெண். நாலு வயது. பாவாடை கட்டிவிடும்போது கால் மடங்கித் தொடை எலும்பு முறிந்துவிட்டது என்றாள் தாயார். அதற்கு முன்பே ஒரு கை முறிந்து கூடியிருந்தது. "பாவாடை கட்டினா எலும்பு முறியுமோ?" என்று கூட வந்த நாத்தனார் கேட்டாள். அடித்தது நீதான் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

டாக்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணில் வெளுப்பாக இருக்க வேண்டிய இடம் மங்கலான நீலமாக இருந்தது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்பு கண்ணாடி மாதிரி அமைந்துவிடும், இதற்கு மருந்து கிடையாது என்றார். அதைக் கேட்டும் தாயார் அழவில்லை. நாத்தனார் ஜட்காவில் ஏறும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "டாக்டர், நான் அடிக்கலேன்னு எங்காத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்."

இரண்டு நடை

சவரி, அடையாற்றுக்கு அப்பால் குப்பத்தில் இருந்த மீன்காரி பிலோமியின் பிள்ளை. அவனுக்கும் அதே நீலக் கண், அதே எலும்பு. மாவுக்கட்டை அவிழ்த்த பிறகு இருவரையும் வராந்தாவில் நடக்கப் பழக்குவது என் வேலை.

ஜெயம் சுவரை விடமாட்டாள். கால்விரல் நுனியால் தரையைத் தொட்டுப் பார்ப்பாள், சுடுகிற சட்டியைத் தொடுகிற மாதிரி. அது ஒன்றும் செய்யாது என்று தெரிந்த பிறகுதான் மீதிப் பாதம் இறங்கும். சவரி வேறு ரகம். கால்களை அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டு வருவான். வளைந்த கால்களுக்கு விழாமல் நடக்க அதுதான் வழி. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் மாட்டி அதை நேராக்கலாமா என்று டாக்டர் யோசித்தார். பிலோமி தலைக்கூடையை இறக்காமலே சொன்னாள்: "கோணலா நட்ந்தா இன்னா சார்? நட்ந்துக்கினு கீறான்ல. அத்த கெடுத்துடாதீங்க."

உட்கார்ந்த பெண்

சவரியைப் பார்த்துப் பார்த்து ஜெயமும் காலை அகட்ட ஆரம்பித்தாள். ஒருநாள் சுவரை விட்டாள். கைகளை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, வராந்தாவின் பாதிவரை வந்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து அவள் அப்பா உள்ளே நுழைந்தார். "குப்பத்துப் பையன் நடையைக் கத்துண்டு வந்தா நாளைக்கு இவளை எவன் கட்டிப்பான்? எலும்பு கெட்டிப்படறவரைக்கும் உட்காரட்டும்" என்று தூக்கிக்கொண்டு போனார். உட்கார்ந்தால் எலும்பு இன்னும் இளைத்துப்போகும் என்று டாக்டர் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

சில வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்கே எங்களைக் கூப்பிட்டார்கள். ஜெயம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று வளைந்து கிடந்தன. "எப்படியாவது நிக்க வெச்சுடுங்கோ" என்றார் அதே அப்பா. நான் பழைய பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. "அப்பா உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். இப்ப நிக்கச் சொல்றேளே, எந்தக் காலால மாமா?"

பிலோமி கேட்டது

சவரி அத்தனை வருஷமும் நடந்தான். விழுந்தான், கட்டுப் போட்டுக்கொண்டான், மறுபடி நடந்தான். ஒரு மழைக்காலத்தில் ஈரமணலில் வழுக்கித் தொடை முறிந்தது. கட்டோடு படுத்திருந்தபோது மார்ச்சளி கண்டது. அந்த ஒடுங்கிய மார்புக்கூட்டால் இருமி வெளியே தள்ள முடியவில்லை. போய்விட்டான்.

மழை விட்டபின் ஒரு காலையில் பிலோமி கூடை இல்லாமல் வந்தாள். கட்டுப் போடக் காத்திருந்தவர்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். "மொகம் நெனப்புல கீது சார். நடதான் மறந்துக்கினே போவுது. கூடவே நட்ந்தவன் நீதான். ஒரு தபா அவன் மாரி நட்ந்து காமி."

கதவருகே நின்ற டாக்டர் உள்ளே போய்விட்டார். நான் செருப்பைக் கழற்றினேன். கால்களை அகட்டினேன். இடுப்பைச் சாய்த்து, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். திரும்பி வரும்போது பிலோமி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதத்த இன்னும் கொஞ்சம் வெளிய திருப்பு சார்" என்றாள்.

கட்டுப் போடவும் அவிழ்க்கவும்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி நம்மிடம் கேட்கப்படுகிற எதற்கும் டிஸ்பென்சரி அலமாரியில் சாமான் கிடையாது.